குக்கர் விசில் அடிக்காத ஞாயிற்றுக்கிழமைகள்

ஆறு வருடம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை குக்கர் விசில் அடிக்கவில்லை. மூடி லேசாக முனகத் தொடங்கும்போதே என் கணவர் ஓடிப்போய்க் கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கிப் பிடித்து ஆவியை மெல்ல வெளியே விடுவார். இப்படிச் செய்தால் சாதம் ஒழுங்காக வேகுமா? பாதி நாள் அடிப்பிடித்திருக்கும், மீதி நாள் நடுவில் அரிசி அரிசியாக நிற்கும். அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசாமல் அதைத் தின்றுவிட்டு எழுந்து போவார்கள். பேசினால் எனக்குத் தலை வலிக்கும் அல்லவா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அழுது முடிக்கிற கதை இல்லை. நான் ஜெயித்த கதை. ஜெயித்தவள் கொஞ்சம் பீற்றிக்கொள்ளத்தான் செய்வாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். பிரேக்கில் போகிற உள்ளங்கை அகல இரும்பு வட்டு ஒவ்வொன்றையும் விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறலோ வெடிப்போ இருந்தால் சிவப்புப் பெட்டியில் தூக்கிப் போடுவது என் வேலை. மயிரிழை வெடிப்பைக்கூட என் கண் விடாது. கஸ்டமர் ஆடிட் வந்தால் சூப்பர்வைசர் என் மேஜைக்குத்தான் முதலில் கூட்டிக்கொண்டு வருவார். அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு, என் தலைக்குள் இருந்த கோளாறை ஆறு வருடம் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது சிரிப்பு வரவில்லை.

வாரநாட்களில் வலி லேசாக இருக்கும். காலையில் எழும்போது நெற்றிக்குள் ஒரு கனம், டீ குடித்தால் இறங்கிவிடும். மத்தியானம் மறுபடி தலைகாட்டும், ஒரு மாத்திரை போட்டால் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைதான் அது முழு உருவத்தோடு வரும். பதினோரு மணிக்குப் பிடரியில் ஆரம்பித்து, கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டு, சாயங்காலம்வரை அசையாது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நெற்றியில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு படுத்திருப்பேன். வாந்தி வரும், மாத்திரை போட்டாலும் வயிற்றில் தங்காது. ராத்திரி மாத்திரை போட்டு ஒருவழியாக முடிந்துபோகும். திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனால் கல்லு மாதிரி இருப்பேன்.

இதிலிருந்து நான் எடுத்த முடிவு என்ன தெரியுமா? வீட்டில் இருந்தால் வலிக்கிறது, கம்பெனிக்குப் போனால் வலிக்கவில்லை, ஆக எனக்கு வீடுதான் ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வலியின் எரிச்சலில் இதை வாய்விட்டே கத்திவிட்டேன். “கம்பெனிக்குப் போனாதான்டா சாமி எனக்கு நிம்மதி!” அப்போது மகள் ஒன்றாம் வகுப்பு. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அந்தப் பழக்கம் வந்தது என்று நினைக்கிறேன். எதிலாவது சத்தம் வரும் என்றால் முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு பார்வை, தட்டைக் கழுவப் போடுவதற்கு முன்னால் ஒரு பார்வை, தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பார்வை. இதைப் பார்த்துவிட்டு, “உம் பொண்ணு என்னா அடக்கம்!” என்று மெச்சியவர்கள் உண்டு. நானும் பெருமையாகத் தலையாட்டியிருக்கிறேன்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டாயிற்று. சனிக்கிழமை தலைக்குக் குளிப்பதுதான் காரணம் என்று கணவர் அடித்துச் சொன்னதால் குளியலைப் புதன்கிழமைக்கு மாற்றிப் பார்த்தாயிற்று. பெங்களூரில் ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லாததற்கு இவ்வளவு வலியா என்று எனக்கு அழுகைதான் வந்தது. உள்ளூரில் ஒரு டாக்டர் பொறுமையாகவே கேட்டார், ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீர்கள் என்று.

“கூடப் போனா நாலு சார். ஞாயித்துக்கெழம அதுவும் கெடையாது.”

பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன். ஏன் என்று புரிய எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கர்நாடகத்திலிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி எது வந்தாலும் முதலில் ஓசூரில்தான் இறங்கும். அப்படி வந்ததுதான் பை-டூ. ஒரு டீயை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றி இரண்டு பேர் குடிப்பது. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பை-டூ, இறங்கியதும் கேட்டுக்கு எதிரில் ஒரு பை-டூ, டீ வண்டி வருவதற்கு முன்னால் கேன்டீனில் ஒரு பை-டூ, திரும்பும்போதும் இதே கணக்கு. இதை எங்கள் ஊரில் யாரும் டீ என்று எண்ணுவதில்லை. டீ குடித்தாயா என்று கேட்டால், “இல்லப்பா, ஒரு பை-டூதான்” என்போம். அது பேச்சுத் துணைக்குக் குடிப்பது. அதைப் போய் டாக்டரிடம் யாராவது சொல்வார்களா?

ஞாயிற்றுக்கிழமை டீயை விட்டதும் நானாகச் செய்த புண்ணியம். ஆறு நாள் குடிக்கிறோமே, ஒரு நாளாவது வயிற்றுக்கு ஓய்வு கொடுப்போம் என்று ராகிக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வேன். அன்றைக்குத் தூக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கலாம் என்று ஒன்பது மணிவரை படுக்கையில் கிடப்பேன். கிடப்பேனே தவிரத் தூங்கமாட்டேன். மற்ற நாளிலும் அப்படித்தான். நள்ளிரவில் முடிகிற பி ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து படுத்தால், உடம்பு கெஞ்சும், கண் மூடாது. மின்விசிறியின் மூன்று இறக்கையும் எனக்கு மனப்பாடம்.

போன வருடம் மகள் ஆறாம் வகுப்புக்குப் போனதும் பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்தாள். இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு குச்சியால் அடிக்கிற டிரம். சேர்ந்த சேதியை எங்களிடம் சொன்னபோது அவள் முகம் இருந்த இருப்பை நான் மறக்கமாட்டேன். டிரம் பள்ளிக்கூடத்திலேயே இருக்கும், குச்சியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவாள். மாதக்கணக்கில் சாதகம் செய்தாள். ஒரு நாள்கூட எனக்குச் சத்தம் கேட்டதில்லை. அது ஏன் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

விளையாட்டு விழா நெருங்கியபோது பள்ளி டைரியில் பி.டி. மிஸ் எழுதி அனுப்பியிருந்தார். தாளம் சரியாக இருக்கிறது, ஆனால் அடியில் சத்தமே இல்லை, மைதானத்தில் கேட்காது. மூன்று வாரம் கழித்து வருகிற திங்கட்கிழமை கடைசித் தேர்வு, அதற்குள் சரியாகவில்லை என்றால் வேறு பிள்ளையைப் போட வேண்டியிருக்கும். வீட்டில் பலமாக அடித்துப் பழகச் சொல்லுங்கள்.

“ஏன்டி, கையில பலமில்லையா? சோறு திங்கறதில்லையா நீ?” என்று அதட்டினேன்.

அவள் என்னை அறைக்குள் கூட்டிப்போய்த் தன் தலையணையைக் காட்டினாள். உறையின் நடுவில் இரண்டு இடம் பஞ்சு தெரிகிற அளவுக்குத் தேய்ந்து போயிருந்தது. “இதுலதான்மா அடிச்சுப் பழகறேன். நீ படுத்துக்கினு இருப்ப இல்ல.”

மாதக்கணக்காக என் பெண் தலையணையை அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கையில் பலம் இல்லாமல் இல்லை. பலத்தை அடக்கத்தான் அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சோறு வடிக்கிற அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்து, “என்ன ஆனாலும் பரவால்ல, அடி” என்றேன். மணி பதினொன்றரை. என் முகத்தைப் பார்த்தாள், அடித்தாள். நாலாவது அடியில் நான் குளியலறைக்கு வாந்தியெடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது அன்னக்கூடை கழுவி அலமாரியில் இருந்தது. குச்சியை எங்கே ஒளித்தாள் என்று தெரியவில்லை. அன்றைக்கு நான் அழுத அழுகை வலிக்காக இல்லை.

திங்கட்கிழமை கேன்டீனில்தான் திருப்பம். எனக்குப் பக்கத்து மேஜையில் வட்டு பார்ப்பவர் ஓர் அக்கா, கிருஷ்ணகிரிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். பத்து வருடமாக என் பை-டூ ஜோடி அவர்தான். அன்றைக்கு அவர் தன் பாதி டீயிலேயே பாதியை என் டம்ளரில் கவிழ்த்துவிட்டார்.

“என்னாக்கா, ஒடம்பு சரியில்லையா?”

“ஒடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. பராத் ராத்திரி முடிஞ்சிருச்சில்ல, இன்னும் பதினஞ்சு நாள்ல ரம்ஜான் நோம்பு. இப்பவே கொறச்சிக்கினு வந்தாதான் ஆச்சு. இல்லாட்டி மொத நோம்பு அன்னைக்கு மத்தியானம் மண்டை பொளந்துரும்.”

“பசியிலயா?”

“பசிக்கு எவளுக்கும்மா மண்டை பொளக்குது? அது டீத் தலைவலி. கல்யாணம் ஆன புதுசுல எனக்கும் தெரியாது. நோம்புல சாயங்காலம் வரைக்கும் துண்டைக் கட்டிக்கினு சுருண்டு கெடந்தேன். நோம்பு தொறந்து ஒரு டம்ளர் டீ உள்ள போனதும் நின்னே போச்சு. அதுல இருந்து வருசா வருசம் முன்னாடியே பாதி, காலுன்னு கொறச்சிருவேன்.”

பத்து வருடமாக இந்த அக்கா நோன்புக்கு முன்னால் டீயைக் குறைப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பக்தி என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி நின்றேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்! மத்தியானம், துண்டு, சுருண்டு கிடப்பது. அவர் தன் முதல் நோன்பைச் சொல்லச் சொல்ல எனக்கு என் ஞாயிற்றுக்கிழமை கேட்டது. அவருக்கு வருடத்துக்கு ஒரு முதல் நோன்பு. நான் வாராவாரம் ஒன்று வைத்திருக்கிறேன்.

மேஜைக்குப் போனதும் ஒரு வெற்று செக் ஷீட்டை உருவி, ஒரு நாளில் குடிப்பதை ஒளிவுமறைவு இல்லாமல் கோடு கோடாகப் போட்டேன். முழு டீ நாலு. பை-டூ ஆறு. ஆக ஏழு டீ. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் சைபர். அப்புறம் பையிலிருந்த தலைவலி மாத்திரை அட்டையை எடுத்து, வெடிப்பு பார்க்கிற லென்ஸை வைத்து அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். இரண்டாவது வரியில் காஃபின் என்று போட்டிருந்தது, டீயில் இருப்பதும் அதுதான். ஆறு வருடம்! அடுத்தவன் செய்த இரும்பில் மயிரிழை தேடுகிறவள், தன் வாயில் போடுவதைத் திருப்பிப் பார்க்கவில்லை. அந்த அட்டையைச் சிவப்புப் பெட்டியில் போட்டேன். சூப்பர்வைசர் அதைக் கண்டெடுத்து யாருடையது என்று ஊரெல்லாம் விசாரித்தது தனிக் கதை.

செக் ஷீட்டோடு அந்த டாக்டரிடம் போய் நின்றேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, “இதைத்தானேம்மா அன்னைக்கே கேட்டேன்” என்றார். டீயைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, மத்தியானத்துக்குப் பிறகு தொடக் கூடாது, ஞாயிற்றுக்கிழமைக்கென்று தனிச் சட்டம் கூடாது, எழுந்திருக்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். தினமும் விழுங்கிய மாத்திரையே தலைவலியை வளர்த்திருக்கும், அதை விட்டதும் சில நாள் மோசமாகத்தான் இருக்கும், பிறகு இறங்கும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். ஒரு வாரம், பத்து நாள் என்றார். என் மகளுக்கு மிச்சம் இருந்தது பதினாறு நாள்.

அக்காவும் நானும் சேர்ந்து இறங்கினோம். முழு டீ பை-டூ ஆனது. பை-டூ மூன்று மடக்கு ஆனது. கேட்டுக்கு எதிர்க் கடைக்காரர், ஒரு டீயை நாலாகப் பிரிக்கச் சொன்ன எங்களைப் பார்த்து, “எக்கா, நான் கடை நடத்தறதா வேணாமா?” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை டீ குடித்தேன். வலி பதினொன்றுக்கு வரவில்லை, மூன்று மணிக்கு வந்தது. வந்ததுதான், ஆனால் தாமதமாக வந்தது! நான் படுத்துக்கொண்டே சிரித்ததைப் பார்த்துக் கணவர் பயந்துபோனார். அடுத்த வாரம் அந்தச் சிரிப்புக்கெல்லாம் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாத்திரை இல்லாத வாரம் அது. வலி நாள் பார்க்காமல் வந்தது. லைனில் ஒருத்தியைக் காரணமே இல்லாமல் திட்டினேன். டீ வண்டிச் சத்தம் கேட்டால் கை தானாக டம்ளரைத் தேடியது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மருந்துக்கடைக்குப் போய் ஓர் அட்டை வாங்கி வரச்சொல்லிக் கணவரிடம் கெஞ்சினேன். அவர் செருப்பைக்கூட மாட்டிவிட்டார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, ஈரத்துண்டைப் பிழிந்து என் நெற்றியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். “இன்னும் எட்டு நாள்தான் இருக்குது” என்றார், அவ்வளவுதான்.

புதன்கிழமை ஒன்று நடந்தது. பி ஷிப்ட் முடிந்து வந்து படுத்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது ஜன்னலில் வெயில். நடுவில் ஒன்றுமே இல்லை, மின்விசிறி இல்லை, கழுத்து வலி இல்லை, நான்கூட இல்லை. தூக்கம் என்றால் இதுதானா! இவ்வளவு நாள் இதை யார் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று கோபமே வந்தது.

அந்த வாரமே நோன்பு பிறந்தது. முதல் நாள் மத்தியானம் அக்காவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதடு உலர்ந்த முகத்தோடு வட்டுகளைத் திருப்பிக்கொண்டே, “இன்னாத்துக்கு என்னையே பாக்கற? மண்டை பத்திரமா இருக்குது. உன் மண்டையப் பாத்துக்க” என்றார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. ஆறரைக்கு எழுந்து அரை டீ குடித்துவிட்டுக் காத்திருந்தேன். பத்து மணி. பிடரியைத் தொட்டுப் பார்த்தேன். பத்தரை. கண்ணை உருட்டிப் பார்த்தேன். பதினொன்று ஆனது. வராத விருந்தாளிக்காக வாசலைப் பார்க்கிற மாதிரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு அடித்தது. வலி வரவே இல்லை.

எழுந்துபோய் அன்னக்கூடையை எடுத்து நடுக்கூடத்தில் கவிழ்த்தேன். “குச்சிய எடுத்துக்கினு வாடி!”

வந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மெதுவாகத் தட்டினாள், மறுபடி பார்த்தாள்.

“என் மூஞ்சியில ஒண்ணும் எழுதல. ஓங்கி அடி.”

அடித்தாள். இன்னும் கொஞ்சம் ஓங்கி அடித்தாள். அப்புறம் மாதக்கணக்காகத் தலையணை வாங்கியதையெல்லாம் அன்னக்கூடை வாங்கியது. அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன. சமையலறையில் குக்கர் முனகியது, கணவர் பழக்க தோஷத்தில் கரண்டியோடு ஓடினார். “விடுங்க! அடிக்கட்டும்!” என்று கத்தினேன். ஆறு வருடத்துக்குப் பிறகு எங்கள் குக்கர் ஞாயிற்றுக்கிழமை விசில் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குச் சாதம் பூ மாதிரி வெந்திருந்தது.

கீழ்வீட்டு ஓனரம்மா, கன்னடக்காரர், மூச்சு வாங்கப் படியேறி வந்தார். “ஏனம்மா இது கலாட்டே? நனகே தலைநோவு!”

தலைவலியாம். அவரை உட்கார வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை காபி குடிப்பீர்கள் என்று விசாரித்தேன். இரண்டுதான் என்றார். பை-டூவையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்ததும் அவருக்கும் முகம் மாறியது.

திங்கட்கிழமை தேர்வில் மகள் தேறினாள். சாயங்காலம் வந்து, “மிஸ்ஸு, கொஞ்சம் மெதுவா அடி, தோல் கிழிஞ்சிரும்னு சொன்னாங்கமா” என்றாள். இதைக் கம்பெனியில் நான் சொல்லாத ஆள் இல்லை.

தலைவலி என்னைவிட்டு அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை இன்னும் வருகிறது. வந்தால் செக் ஷீட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன். அதற்காக இந்த வீட்டில் யாரும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்பது சட்டம்.

விளையாட்டு விழா அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நானும் கணவரும் போனோம். மார்ச் மாத வெயில், மைதானம் முழுக்க ஜனம். வெள்ளைச் சட்டையும் சிவப்புத் தொப்பியுமாக பேண்டு அணிவகுத்து வந்தது. முன்வரிசையில் ஓரத்தில் என் மகள். எங்கள் நாற்காலிக்கு நேராக வந்தபோது குச்சியை ஓங்கினாள். அந்த ஒரு நொடி எனக்குப் பயம், இப்போது என் முகத்தைப் பார்ப்பாள், பார்த்தால் கை தளர்ந்துவிடும் என்று. சிரித்த முகமாக வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் பார்த்தபடி இடி மாதிரி அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள்.